தலைப்பில் ‘பெண்’ இருக்கட்டும்: எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மார்ச் மாதக் கூட்டத்துக்கு ‘இன்றைய பெண்ணியம்’ என்று முதலில் தலைப்பு வைத்தீர்கள். போன வாரம் அது ‘பாலினச் சமத்துவம்: நம் பார்வை’ என்று மாறிவிட்டது. நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். மாற்ற வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல். குழுவிடம் மட்டும் கடிதமாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் கடலூரிலும் புதுச்சேரியிலும் நான் போகிற பல கூட்டங்களில் இதே பேச்சு நடக்கிறது. ‘ஆணும் பெண்ணும் சமம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. பெண்ணியம் என்று மட்டும் சொல்லாதீர்கள்’ என்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன காரணங்களை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா பாருங்கள். பெண்ணியம் என்று போட்டால் இளைஞர்கள் வரத் தயங்குகிறார்கள் என்றார் செயலாளர். சமத்துவம் என்றால் ஆண், பெண், திருநர் எல்லோரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள், பெண்ணியம் ஒரு தரப்பின் பேச்சாகிவிடுகிறது என்றார் தலைவர் ஐயா. இது வெளியிலிருந்து வந்த சரக்கு என்றார் இன்னொருவர். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இந்த வட்டத்தில் என்னை ஒருநாளும் யாரும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. அதனால்தான் மனம் விட்டு எழுத முடிகிறது.

நான் மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதுகிறவள். சமத்துவம் என்ற சொல் மட்டும் போதாது என்று நான் நினைப்பதற்கு என் வேலைதான் காரணம்.

அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனால் அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகனுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் மகளுக்கும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பூர்வீகச் சொத்திலும் இப்போது அதே நிலைதான். சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. அப்புறம் அந்தக் குடும்பம் எங்களைப் போன்றவர்களிடம் வருகிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கும். எழுதச் சொல்வது விடுதலைப் பத்திரம். அக்கா தங்கைகள் தங்கள் பாகத்தை அண்ணனுக்கோ தம்பிக்கோ விட்டுக்கொடுத்து எழுதுவது. தங்கைக்காகத் தன் பாகத்தை விட்டுக்கொடுத்த அண்ணன்களுக்கும் எழுதியிருக்கிறேன். அது எப்போதோ ஒன்று. மற்றது வாரத்துக்கு வாரம் வருவது.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மூன்று பெண்கள், ஒரு தம்பி. பண்ருட்டி பக்கத்தில் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல் முந்திரித் தோப்பு, அதை ஒட்டி ஓட்டு வீடு. நடு அக்கா முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிறவர். நான் வரைவைப் படித்துக் காட்டினேன். ‘என் முழு மனதுடனும், யாருடைய தூண்டுதலோ கட்டாயமோ இல்லாமலும்’ என்று வழக்கமாக வரும் வரியைப் படித்தபோது மூவரும் தலையாட்டினார்கள். ‘இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை’ என்ற வரி வந்ததும் நடு அக்கா நிறுத்தினார். ‘எம் புள்ளைங்களுக்கும் இல்லன்னு எழுதணுமா?’ என்று கேட்டார். அப்படி எழுதுவதுதான் வழக்கம் என்றேன். விருப்பம் இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, உங்கள் பாகம் உங்களுக்கே இருக்கும், யாரும் பிடுங்க முடியாது என்றும் சொன்னேன். தம்பி எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த அக்காவே சொன்னார்: ‘நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா வந்து நிக்க ஒரு பொறந்த வீடு வேணும்லம்மா. எம் பொண்ணு பெரியவளாகிற வயசு. தாய்மாமன் சீர் யாரு கொண்டாருவா? எழுதிடுங்க.’

சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் வந்து உள்ளே போனோம். சம்மதத்தோடுதான் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று வழக்கம்போல் கேட்டார்கள். ஆமாம் என்றார் நடு அக்கா. ரேகை பதிகிற கருவியில் அவர் கட்டைவிரல் விழவில்லை. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்துபோயிருந்தது. துடைத்தார், முந்தானையில் தேய்த்தார், அடுத்த விரலை வைத்தார். கடைசியில் ஒருவழியாகப் பதிந்தது.

இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை. பதிவு அதிகாரி கேட்க வேண்டியதைக் கேட்டார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தம்பியும் கொடுமைக்காரர் கிடையாது. அக்காக்களின் கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் பாதியை அவர்தான் அடைத்திருக்கிறார். ‘நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, அதுவே அவங்க பங்கு’ என்பது அவர் கணக்கு. நடு அக்காவின் நகை மாமியார் வீட்டுக் கடனுக்கு அடகுக்குப் போய் மூழ்கிவிட்டது என்பது அந்தக் கணக்கில் வராது. தம்பியின் கல்யாணச் செலவை அவர் பங்கில் யாரும் கழிக்கவும் இல்லை. அந்த அறையில் இருந்த எல்லோரையும் நிறுத்தி ‘ஆணும் பெண்ணும் சமமா?’ என்று கேட்டிருந்தால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். தம்பியும் சொல்லியிருப்பார், மனதாரச் சொல்லியிருப்பார். அவருக்குப் பங்கு பிறக்கும்போதே வந்தது. அதற்காக எந்த உறவையும் அவர் பணயம் வைக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா தன் பங்கைக் கேட்டால் பிறந்த வீட்டை இழக்க வேண்டும். சமத்துவத்துக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது, அந்த விலையை அக்கா தரப்பு மட்டும்தான் கொடுக்கிறது. கூட்டத்துக்குத் தலைப்பு வைக்கும்போது இந்தச் செய்தி தலைப்பிலேயே தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம். பாலினச் சமத்துவம் என்று எழுதினால் தெரிவதில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. செட்டில்மென்ட் பத்திரம். மகளுக்கும் பங்கு உண்டு என்ற செய்தி ஊர்களுக்குள் பரவப் பரவ, உயிரோடு இருக்கும்போதே மகன் பெயருக்கு எழுதிவைத்துவிடலாம் என்று வருகிற அப்பாக்களை நிறையப் பார்க்கிறேன். சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், சட்டப்படி அதில் தவறே இல்லை. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்பதைவிடப் பொதுவான, பாரபட்சம் இல்லாத விதி இருக்க முடியுமா? ஆனால் பத்திரம் மகன் பக்கமே போகிறது. 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் வாங்கிப் பதிவு செய்தால் தமிழ்நாடு அரசு பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைக்கிறது. பெண் பெயரில் சொத்து சேர்வதில்லை என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் அந்தச் சலுகையைப் பெண் என்று பெயர் சொல்லியே கொடுத்தது.

வரலாற்றைப் பார்த்தாலும் இப்படித்தான். 1921 ஏப்ரலில் சென்னை மாகாணச் சட்டசபை, பெண் என்பதற்காக வாக்குரிமை மறுக்கக்கூடாது என்று தீர்மானித்தது. இந்தியாவின் மாகாணங்களில் அதுதான் முதல். ஆணுக்கு என்ன தகுதியோ அதே தகுதி பெண்ணுக்கும். சொல்லில் முழுச் சமத்துவம். ஆனால் தகுதி என்பது சொத்தும் வரியும். சொத்து யார் பெயரில் இருந்தது? அதனால் வாக்காளர் பட்டியலில் பெண்கள் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில், சொத்துத் தகுதி உள்ளவரின் மனைவிக்கும் ஓட்டு, எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கும் ஓட்டு என்று பெண்களுக்கென்றே தனியாக விதி எழுதிய பிறகுதான் எண்ணிக்கை கூடியது. அந்த விதிகளின்படி நடந்த 1937 தேர்தலில்தான் நம் கடலூர் முதுநகர் அஞ்சலை அம்மாள் வென்று சட்டசபைக்குப் போனார். 1927இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றும் போராட்டத்தில் மகளோடு சிறை சென்றவர் அவர். ஒவ்வொரு வருடமும் அவருக்கு நாம் மாலை போடுகிறோம். எந்தக் கதவு வழியாக அவர் உள்ளே போனார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

சொத்துரிமையும் அப்படியே. வெளியிலிருந்து வந்த சரக்கு என்று சொன்ன நண்பருக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெண்ணியம் என்ற சொல் தமிழில் புழக்கத்துக்கு வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே கோரிக்கை இங்கே, நம் பக்கத்து ஊர்களில் இருந்தது. அது சட்டமாக 60 வருடம் ஆனது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மகளும் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்காளி ஆனாள். அதிலும் அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது. 2005 செப்டம்பரில் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு அந்தக் கட்டுப்பாடு போனது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்தால்தான் பங்கு என்று அப்புறமும் நீதிமன்றங்களில் இழுத்தார்கள். 2020 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம் அப்படி இல்லை என்று தீர்த்துச் சொன்னது. ஒவ்வொரு கட்டத்திலும் மகள், மகள் என்று பெயர் சொல்லி எழுதித்தான் ஒரு அடி நகர்ந்திருக்கிறது. எல்லா வாரிசுகளும் சமம் என்று பொதுவாக எழுதியிருந்தால் இந்தத் தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியும், அந்த ‘எல்லா’வுக்குள் மகள் இல்லை என்றே வாதம் வைத்திருப்பார்கள்.

சொத்தை விடுங்கள், நாற்காலிக்கு வருவோம். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் 2016இல் சட்டம் வந்தது. சமத்துவம் வந்துவிட்டது, இனி எதற்குத் தனிப் பெயர் என்று கேட்பவர்கள் முதலில் காட்டுவது இதைத்தான். நம் மாவட்டத்தில், சிதம்பரம் பக்கம் தெற்குத்திட்டையில், 2020 அக்டோபரில் வெளிவந்த புகைப்படத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் நாற்காலியில். அவர் பட்டியல் சமூகப் பெண். தேர்தலில் வென்றவர், சட்டப்படி அந்த அறையில் எல்லோருக்கும் மேலே இருந்தவர். வழக்குப் பதிந்தார்கள், நடவடிக்கை எடுத்தார்கள். படம் வெளியே வராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை கூட்டம் அப்படி நடந்திருக்கும்? அன்று நம் வட்டமும் கண்டனத் தீர்மானம் போட்டது. ‘மனித சமத்துவம் மீறப்பட்டது’ என்று அதில் நாம் எழுதவில்லை. சாதியைச் சொன்னோம், பெண் என்பதையும் சொன்னோம். சொன்னால்தான் அங்கே நடந்தது என்ன என்று படிப்பவருக்குப் புரியும் என்று நமக்குத் தெரிந்திருந்தது.

எல்லை தாண்டினால் புதுச்சேரி. 2021 தேர்தலில் அங்கே 30 தொகுதிகளில் வென்ற பெண் ஒரே ஒருவர். அமைச்சரான அவர் 2023 அக்டோபரில் கொடுத்த விலகல் கடிதத்தில் சாதியும் பாலினமும் சார்ந்த தாக்குதலுக்கு ஆளானதாக எழுதினார். அந்தச் சட்டசபையில் பெண்ணும் ஆணும் சமம் என்பதை மறுக்கிற உறுப்பினர் ஒருவர்கூட இருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இப்போது செயலாளர் சொன்னதற்கு வருகிறேன். இளைஞர்கள் வரத் தயங்குகிறார்கள் என்பது உண்மைதான், நானும் பார்க்கிறேன். பெண்ணியம் என்றாலே ஆண்களைத் திட்டுவது என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் வீடு கட்ட வேண்டும், தங்கைக்கு நகை சேர்க்க வேண்டும், அழவும் கூடாது என்று அவர்கள் தலையில் ஏற்றிவைக்கிற பாரமும் நிஜம். அதைப் பேச ஒரு இடம் அவர்களுக்கு வேண்டும். அந்தப் பாரமும் பெண்ணை அடக்குகிற அதே வீட்டு ஏற்பாட்டிலிருந்து வருகிறது என்பதைப் பெண்ணியம் பேசியவர்கள்தான் முதலில் விளக்கிச் சொன்னார்கள். இளைஞர்களிடம் அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சொல்லை மறைத்துவைத்துக் கூப்பிட்டால், உள்ளே வந்து சொத்துப் பேச்சு ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவார்கள். ஏமாற்றிக் கூப்பிட்டதாக வேறு நினைப்பார்கள். பெண் என்று பெயர் வைத்தால் ஆண்கள் விலகிவிடுவார்கள் என்பதையும் நம் மண்ணின் வரலாறு ஒப்புக்கொள்ளாது. 1938 நவம்பரில் சென்னையில் கூடியது தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் கிடைத்ததே அந்த மாநாட்டில்தான்.

நாம் மே தினம் கொண்டாடுகிறோம். புதுச்சேரி சவானா பஞ்சாலையில் 1936 ஜூலை 30 அன்று உரிமை கேட்டுப் போராடியபோது சுட்டுக் கொல்லப்பட்ட 12 தொழிலாளர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறோம். நம் வட்டத்தில் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், சின்னப் பட்டறை நடத்துபவர்கள் இருக்கிறார்கள். தொழிலாளர் என்ற சொல் ஒரு தரப்பைத்தானே குறிக்கிறது, ‘உழைப்புச் சமத்துவம்’ என்று மாற்றலாமே என்று அவர்களில் ஒருவர்கூட இதுவரை கேட்டதில்லை. அவர்களே முன்னால் நின்று மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அந்தப் போராட்டத்தால் அடுத்த ஆண்டே வந்த எட்டு மணி நேர வேலை பிறகு எல்லோருக்கும் பயன்பட்டது. அதனால் அதன் பெயரிலிருந்து தொழிலாளியை நாம் எடுத்துவிடவில்லை. தலைவர் ஐயா திருநரைப் பற்றிச் சொன்னது எனக்கு மகிழ்ச்சி. தமிழ்நாட்டில் 2008இல் நல வாரியம் அமைத்தபோது அவர்கள் பெயரிலேயே அமைத்தார்கள். பொதுவான நல வாரியங்கள் ஏற்கனவே எத்தனையோ இருந்தன. அவை எதிலும் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதால்தான் தனியாக ஒன்று வந்தது. அவர்களுக்காக ஒரு கூட்டம் போடுங்கள், அவர்கள் பெயரிலேயே போடுங்கள், நான் வந்து நாற்காலி எடுத்துப் போடுகிறேன்.

பெண்ணியம் என்ற சொல்லில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு வலிக்கிற குறை ஒன்று உண்டு. பங்கு, பாகம், விடுதலைப் பத்திரம் என்று நான் பேசுவதெல்லாம் விட்டுக்கொடுக்கவாவது ஏதோ ஒன்று இருக்கிறவர்களின் கதை. குறிஞ்சிப்பாடி பக்கத்தில் நடவுக்கும் களையெடுக்கவும் போகிற பெண், ‘எங்கப்பனுக்கே காணி இல்ல, எனக்கு எங்கேருந்து பங்கு’ என்றுதான் கேட்பார். தலித் பெண்கள் பல காலமாகச் சொல்லிவருவதும் இதுதான்: பெண்ணியம் என்று மேடையில் பேசுகிறவர்கள் தங்கள் வீட்டுக் கதையையே எல்லாப் பெண்களின் கதையாகச் சொல்கிறார்கள். அது நியாயமான குற்றச்சாட்டு. அவர்களுக்கு எது உதவியது என்று பார்த்தால் கூலிதான். ஒரே வயலில் ஆண் கூலி ஒன்று, பெண் கூலி ஒன்று என்பது இன்றுவரை ஊர் வழக்கம். 1976இலேயே சம ஊதியச் சட்டம் வந்தும் வழக்கம் அசையவில்லை. 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை தமிழ்நாட்டில் முதலில் தொடங்கிய 6 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி என்று ஏரிக்கரையில் கையில் வாங்கிப் பார்த்தது அப்போதுதான். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பெண்கள். அந்த வேலைத் திட்டத்தையும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று எழுதித்தான் சட்டமாக்கினார்கள். இந்தக் குற்றச்சாட்டைப் பேசத்தான் மார்ச் கூட்டம் வேண்டும் என்கிறேன். ‘பெண்ணியம்’ என்று தலைப்பு வைத்தால் அந்தக் களையெடுக்கிற பெண், ‘அதில் நான் எங்கே?’ என்று நம்மைக் கேட்க முடியும். ‘பாலினச் சமத்துவம்’ என்றால் யாரிடம் கேட்பார்?

சரி, பெண்ணியம் என்ற அந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டு நிற்கிறேனா? கிடையாது. பெண் விடுதலை என்று போடுங்கள், பெண்ணுரிமை என்று போடுங்கள், எனக்குச் சம்மதம். நம் அம்மாக்களும் பாட்டிகளும் கேட்டுப் பழகிய சொற்கள் அவை. நல்ல ஆள் என்று நிரூபிக்க ஒவ்வொருவரும் ‘நான் பெண்ணியவாதி’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் வந்தார். அப்பா இறந்து, இரண்டு தங்கைகள். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதச் சொன்னார். மூன்று பாகமும் சமம், அதிலும் ரோட்டு முகப்பு மூவருக்கும் வருகிற மாதிரி வரைபடம் போட்டுக்கொண்டே வந்திருந்தார். மாமன் ஒருவர் பின்னாலேயே வந்து, ‘பொட்டப் புள்ளைங்களுக்கு ரோட்டு மேல எதுக்குடா?’ என்று கேட்டபோது, ‘எனக்கு எதுக்கோ அதுக்குத்தான் மாமா’ என்றார். அவரிடம் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்டால் சிரிப்பார். தனி மனிதர் நியாயமாக நடக்க எந்தப் பெயரும் தேவையில்லை. ஆனால் ஊருக்குள் கூட்டம் போட்டு, நோட்டீஸ் அடித்து, நாலு பேரைப் பேச வைக்கிறோமே, அதற்குப் பெயர் வேண்டும். அந்தப் பெயரில் பெண் இருக்க வேண்டும். அந்த அண்ணனைப் போல ஒருவர் வந்தால் இன்னும் ஐம்பது பேர் வருவதில்லை, அந்த ஐம்பது பேரின் தங்கைகளைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

சமையல்கட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. வீட்டு வேலையும் விடுமுறை இல்லாத உழைப்புதான் என்று நீதிபதி எழுதினார். தீர்ப்பு வந்த வாரத்தில் நம் வட்டத்தில் அதைப் பேசினோம். எல்லோரும் பாராட்டினோம். அன்று டீ போட்டு எடுத்துவந்தவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இவற்றைச் செய்து தரும்படி கேட்கிறேன். தலைப்பைப் பழையபடியே வையுங்கள், அல்லது ‘பெண் விடுதலை இன்று’ என்று வையுங்கள். பெண்ணியம் என்ற சொல் வேண்டாம் என்று நினைப்பவர் ஒருவருக்கு மேடையில் முழு நேரம் கொடுங்கள், செயலாளரே பேசட்டும். நிர்வாகக் குழுவில் பெண் ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கு எப்போதும் வரவேற்புரைதான் வருகிறது. இந்த முறை அவர் தலைமை தாங்கட்டும், வரவேற்புரையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். முந்திரி வேலைக்குப் போகிறவர்களிலும் துறைமுகத்தில் மீன் கூடை சுமக்கிறவர்களிலும் ஆளுக்கு ஒருவரைப் பேசக் கூப்பிடுவோம். கூப்பிடுகிற பொறுப்பு என்னுடையது. அன்று அவர்களுக்கு வேலைக்கூலி போகும், அதை வட்டத்தின் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். சால்வைக்குச் செலவு செய்கிற பணமே அதற்குப் போதும்.

கூட்டத்தை மாலை 6 மணிக்கு வைக்காதீர்கள். அந்த நேரத்தில் வீட்டில் அடுப்பு எரிகிறது. முடிந்து 9 மணிக்குப் பண்ருட்டிக்கோ குறிஞ்சிப்பாடிக்கோ பஸ் பிடித்து ஒரு பெண் தனியாகப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணிக்கு ஆரம்பித்து 5 மணிக்குள் முடிக்கலாம். சொத்து, பட்டா, வாரிசுச் சான்று பற்றிக் கேள்வி இருக்கிறவர்கள் தங்கள் காகிதங்களைக் கொண்டுவரட்டும். கூட்டம் முடிந்ததும் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம். அதையும் நோட்டீஸில் போட்டுவிடுங்கள். அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை சொன்னால், அன்றைக்குப் பத்திர வேலை எதுவும் ஒத்துக்கொள்ளாமல் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
வட்டத்தின் உறுப்பினர்,
பத்திர எழுத்தர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.